பழனி மொட்டை இல்லங்க

ஜீப் கவிழ்ந்து என் அண்ணன் இறந்துபோனான். கொள்ளி வைத்தது நான்தான். பதினாறாம் நாள் காரியம் முடியும் முன்பே, மொட்டைத் தலையோடு கொடைக்கானல் விடுதிக்கு வேலைக்குப் போனேன். பார்த்தவர்கள் எல்லாம், "என்னப்பா, முருகனுக்கு முடியக் குடுத்துட்டியா?" என்று சிரித்தார்கள். நானும் ஆமாம் என்றே சொல்லிவைத்தேன்.

அன்று கச்சேரிக்காகச் சென்னையிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். ஒருவர் அக்கா; அவரிடம் பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோ. கூட வந்தவரிடம் அதே சாயலில், ஆளைவிட உயரமான டபுள் பேஸ். நான் நாற்காலி போடும்போதே ஒத்திகை தொடங்கிவிட்டது. துக்க வீட்டுக்காரன் பாட்டுக் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். காதைப் பொத்திக்கொண்டேன்.

டபுள் பேஸ்காரர் கம்பியிலிருந்து வில்லை எடுத்துவிட்டார். "என்ன தம்பி, அவ்ளோ மோசமாவா இருக்கு?"

"ஐயோ, இல்லங்க சார். எங்கண்ணன் செத்துட்டான், பாட்டுக் கேக்கக் கூடாது. இது பழனி மொட்டை இல்லங்க."

அக்காவும் வில்லை இறக்கினார். "நீங்க வேலைய முடிங்க தம்பி. அதுவரைக்கும் வாசிக்கல."

இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத்தான் கை ஓடவில்லை.

"அது என்ன பாட்டுங்கக்கா?"

"இத்தாலி நாடகத்துல சாகப்போற ஒருத்தி பாடுறது. பாட ஆளில்லாம நாங்க ரெண்டு பேரும் வாசிக்கிறோம்."

"வாசிங்க" என்றேன்.

செல்லோ மெல்ல இழுத்த மெட்டை அந்தப் பெரிய டபுள் பேஸ் பறித்துக்கொண்டு, தொண்டை கிழிவதுபோல் மேலே மேலே ஏறியது. சுடுகாட்டில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தப்புச் செய்துவிட்டேனோ என்று உறுத்துகிறது. ஆனாலும், ஊரே தன் சோலியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் அண்ணனுக்காக வேலையை நிறுத்தியவர்கள் அந்த இருவர் மட்டும்தான்.