வெர்னா உயர்த்திய புகைவாசல்

வாரநாட்களில் வெர்னா நோவிக்கி ஊராருக்குப் பல் செட்டு செய்வாள். சனிக்கிழமை வந்தால் அதே கையால் பந்தயப் படகு மோட்டார்களைக் குடைவாள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் லின்டன் ஏரியைச் சுற்றி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் மோட்டார் குடையாத ஆண்பிள்ளை கிடையாது. ஆனால் அந்த மோட்டாரின் சிலிண்டர் கவிழ்த்த டம்ளர் மாதிரி மேல்பக்கம் மூடியிருக்கும். எரிந்த புகை வெளியேறும் வாசல் அதன் உட்சுவரில் இருக்கும். ஆண்கள் அரத்தை உள்ளே விட்டுக் குருட்டாம்போக்கில் தேய்த்தார்கள். வெர்னா பல் செட்டு பட்டறையிலிருந்து கழுத்து வளைந்த குடைகருவியையும் வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் கொண்டுவந்தாள்.

"என்ன வெர்னா, மோட்டாருக்குப் பல்வலியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அவள் குடைந்த மோட்டாரோடு கணவன் எல்ராய் இரண்டு கோப்பை வாங்கியதும் அந்தச் சிரிப்பு அடங்கியது.

எல்ராய் பால் லாரி ஓட்டுபவன். நல்ல மனிதன், நல்ல உடம்பும்கூட. எங்கே குடைய வேண்டும் என்று சிலிண்டருக்குள் ஊசியால் கோடு கிழித்துத் தருவது அவன் வேலை, அந்தக் கோடுவரை குடைவது அவள் வேலை. ஒரு குளிர்காலத்தில், கைவசம் இருந்த இரண்டாவது மோட்டாரில் வெர்னா கோட்டைத் தாண்டினாள். கை தவறவில்லை, வேண்டுமென்றேதான் தாண்டினாள். வாசலை உயர்த்தினால் புகை சீக்கிரம் வெளியேறும், உச்ச வேகத்தில் மோட்டார் இன்னும் கூடுதலாகச் சுற்றும். வேகம் குறைந்தால் மட்டும் இழுக்காமல் படுத்துக்கொள்ளும். நேர் ஓட்டத்தில் தங்கள் மோட்டார் மூச்சு முட்டுவதை அவள் வருஷக்கணக்காகக் கரையில் நின்று கேட்டவள்.

வசந்தத்தில் எல்ராய் அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தான். "வளைவுல செத்துப்போகுது. நல்ல மோட்டாரைப் பாழாக்கிட்ட."

"வளைவுல வேகப்பிடியை அமுக்கின கையைத் தளர்த்தாதேன்னு சொன்னேனே, தளர்த்தினியா?"

"தளர்த்தாம போனா நேரா கல்லறைக்குத்தான் போவேன்."

குடைந்த இரும்பை மறுபடி ஒட்டவைக்க முடியாது. மோட்டார் பரணுக்குப் போனது. பாழ் என்ற அந்தச் சொல் மட்டும் வெர்னாவின் நெஞ்சில் முள்ளாக நின்றது. அவள் அழுகிற ஜாதி இல்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் மட்டும் அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குக் கருகியே வந்தது.

ஆகஸ்டில் மாநிலப் பந்தயம். காலை ஒத்திகையிலேயே ஹார்லனின் மோட்டார் உடைந்து எண்ணெயைக் கக்கியது. ஹார்லன் பக்கத்து மாவட்டத்துச் சோள விவசாயி, ஒல்லிக்குச்சி, மூன்று வருஷமாக எல்ராய்க்கு நேர்ப் போட்டி. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் மோட்டார் உடைந்தால் உன்னிடம் இருப்பதைக் கொடுக்க வேண்டும். கரையில் நிற்பவனை ஜெயித்தால் அதற்குப் பெயர் ஜெயம் இல்லை. எல்ராயும் கொடுத்தான், ஆனால் கொடுத்தது, அவசரத்துக்கு உதிரியாக வேனில் ஏற்றி வந்திருந்த அந்தப் 'பாழ்' மோட்டாரை. தர்மத்துக்குத் தர்மமும் ஆச்சு, கோப்பையும் பத்திரம் என்று கணக்குப் போட்டான், கள்ளன்.

வெர்னா வேனுக்குப் பின்னால் நின்று ஒரு சிகரெட் முழுவதையும் ஊதினாள். அதை ஓட்டும் விதத்தை ஹார்லனிடம் சொன்னால் புருஷன் தோற்பான். சொல்லாவிட்டால் அவள் வேலை காலத்துக்கும் பாழாகவே கிடக்கும். எல்ராயிடம் சொன்னதைத்தானே இவனிடமும் சொல்லப்போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறி ஒன்றை எடுத்துப்போனாள்.

"ஹார்லன், பெரிய விசிறியைக் கழட்டிட்டு இதைப் போடுங்க. கிளம்பும்போது படுத்துக்கும், பயப்படாதீங்க. வளைவுல மட்டும் அமுக்கின கையை விடவே கூடாது."

"விட்டா?"

"விட்டா எல்ராய் ஜெயிப்பான்."

ஹார்லன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "உங்க வீட்ல இன்னிக்கு ராத்திரி சோறு கிடைக்குமா உங்களுக்கு?"

"சமைக்கிறதே நான்தான். போங்க."

முதல் ஓட்டத்தில் ஹார்லன் கடைசியாகக் கிளம்பினான். எல்ராய் முன்னால் பறந்தான். முதல் வளைவில் எல்லா மோட்டார்களின் குரலும் இறங்கியது, ஒன்றின் குரல் மட்டும் இறங்கவில்லை. ஹார்லன் படகோடு சேர்ந்து சாய்ந்து, கையை விடாமலே திரும்பினான். நேர் ஓட்டம் வந்ததும் அந்த மோட்டார் வீறிட்டது. அந்தக் குரலுக்காகத்தான் வெர்னா கோட்டைத் தாண்டியிருந்தாள். மூன்றாவது சுற்றில் அது எல்ராயைத் தாண்டியபோது தன்னை மறந்து குதித்தாள்.

நாத்தனார் பெர்னிஸ் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "ஏய், உன் புருஷன் பின்னாடி வர்றான்டி!"

"தெரியும்டி, விடு!"

எல்ராய் சொட்டச் சொட்டக் கரையேறி வந்தான். "அவன்கிட்ட என்ன சொன்ன?"

"உன்கிட்ட சொன்னதைத்தான்."

கொடுத்த மோட்டாரைத் திருப்பிக் கேட்க அவனுக்கு வழி இல்லை. இரண்டாவது ஓட்டத்தில் அவனும் வளைவில் கையை இறுக்கித்தான் பார்த்தான். அவன் மோட்டாரில் அந்த மூச்சு இல்லை. கோப்பை ஹார்லனுக்குப் போனது.

ஜெயித்த மோட்டாரைப் பந்தயம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் பிரித்துப் பார்ப்பது விதி. மேசையைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியது. பரிசோதகர் சிலிண்டருக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "விதிப்படி சரி. இதை யாருப்பா குடைஞ்சது?"

ஹார்லன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து எல்ராயின் குரல் வந்தது. "என் பொண்டாட்டி. பாழாக்கிட்டான்னு நான்தான் பரண்ல போட்டேன்." கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான், காது மட்டும் சிவந்திருந்தது. இரண்டு கோப்பை வந்தபோதுகூட வெர்னாவுக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை.

எல்ராய் அவள் பையிலிருந்து குட்டிக் கண்ணாடியை எடுத்து, குனிந்து, முதல்முறையாக அந்த வாசலை நிதானமாகப் பார்த்தான். மேல் ஓரம் பீங்கான் விளிம்பு போல வழவழவென்று இருந்தது. தான் கிழித்த கோட்டை அதில் தேடினான், காணோம்.

"கோடே இல்லையே. பின்னே எதைப் பாத்து இங்க நிறுத்தின?"

"இதுக்கு மேல போனா பாழாயிடும்னு தெரிஞ்சுது, நிறுத்திட்டேன்" என்றாள் வெர்னா.