நாக் சென்சாரும் கார் சாவியும்

எங்கள் முதல் காரைத் தொண்ணூறுகளின் கடைசியில் வாங்கினோம். கார்புரேட்டர் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று என் வீட்டுக்காரர் மயிலாப்பூரில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். நானும் லைசென்ஸ் வாங்கி, கோபாலபுரத்தில் நான் பிசிக்ஸ் நடத்தின பள்ளிக்கூடத்துக்கு அதை ஓட்டிக்கொண்டு போனேன். சொன்னால் சிரிப்பீர்கள், கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கே எனக்கென்று கிடைத்த நேரம் அது ஒன்றுதான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவருக்குப் பக்தி தலைக்கேறிவிட்டது. பானெட்டைத் திறந்து, ஓஸைப் பிடித்து, இன்ஜின் மேலேயே சர்ரென்று தண்ணீர் அடித்தார். "உள்ளே ஒயரெல்லாம் இருக்கே" என்றேன். "பூஜைக்கு வைக்கற வண்டிய அழுக்கா வைக்கறதா?" என்றார். ஈரம் காய்வதற்குள் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஏறிவிட்டது.

கொஞ்ச நாளில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. வண்டியில் இழுவையே இல்லை, பெட்ரோலை மட்டும் குடித்தது. "கிளட்ச்லயே காலை வெச்சுண்டு ஓட்டினா வண்டி என்ன பண்ணும்? பொம்மனாட்டி கையில குடுத்தா இப்படித்தான்" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் ஓட்டினபோதும் அது ஜெமினி மேம்பாலத்தில் முக்கி முனகித்தான் ஏறியது. அப்போது மட்டும் பெட்ரோலில் கலப்படமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தி. நகரில் புது மாதிரி வண்டிகள் பார்க்கிற ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனபோது நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன். தப்பு என்னுடையதா இல்லையா என்று என் காதால் கேட்டாக வேண்டும். அது தெரிந்தால்தானே சாவி திரும்பக் கைக்கு வரும்.

ஒர்க்‌ஷாப்காரர் ஏதோ இரண்டு முனைகளை ஒயரால் இணைத்தார். மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது. எத்தனை தடவை மினுக்குகிறதோ அதுதான் கோளாறின் நம்பராம். எண்ணிப் பார்த்துவிட்டு, "நாக் சென்சார் சார்" என்றார். இன்ஜினில் திருகி வைத்திருக்கிற சின்னச் சாமான். உள்ளே பெட்ரோல் தாறுமாறாக எரிந்து டக்டக்கென்று தட்டினால், அந்த அதிர்வைக் கரண்டாக்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கேஸ் அடுப்பு லைட்டரில் இருக்கிற அதே சமாச்சாரம், நான் ப்ளஸ் டூவுக்கு நடத்தினதுதான். சென்சாரிடமிருந்து சேதி வராவிட்டால், எதற்கு வம்பு என்று கம்ப்யூட்டர் இழுவையைக் குறைத்துவிடும்.

ஒர்க்‌ஷாப்காரர் அதில் செருகியிருந்த ஒயர் சாக்கெட்டைப் பிடுங்கினார். உள்ளே பச்சைப்பச்சையாகக் களிம்பு. சுரண்டிச் சுத்தம் செய்து, சென்சாரில் மீட்டரை வைத்து, பக்கத்தில் ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை.

"தண்ணி போயிருக்கு. இன்ஜினக் கழுவுனீங்களா சார்?"

"சேச்சே, அந்தப் பழக்கமே கிடையாது" என்றார் என் வீட்டுக்காரர், கூசாமல்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஆயுத பூஜைக்கு ஓஸ் பிடிச்சு அடிச்சேளே, மறந்துபோச்சா?" என்று கேட்டேவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்காரர் சிரித்துவிட்டார். "பூஜை முடிஞ்சா இந்த மாதிரி நாலு வண்டி வரும் சார்."

"கிளட்ச்ல கால் வெச்சதால இல்லையே?"

"கிளட்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

புது சென்சார் போட்டதும் வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போவதை நினைத்துக்கொண்டு நான் வழியெல்லாம் சந்தோஷமாக வந்தேன், அசடு மாதிரி. வாசலில் இறங்கியதும் சாவிக்குக் கையை நீட்டினேன்.

"ஒரு மெக்கானிக் முன்னாடி என் மானத்த வாங்கிட்டே இல்ல? இனிமே இந்த வண்டியத் தொட்டுப் பாரு" என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஓட்டத் தெரியாதவள் என்று சொன்னதையாவது மீட்டர் வைத்துப் பொய்யென்று காட்ட முடிந்தது. இதற்கு எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போவது? அந்தக் காரை விற்கும்வரை நான் அதில் இடது பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தேன்.