அரிசித் தகரத்துக்குள் அந்தோனியார்

அந்தோனியாரை அரிசித் தகரத்துக்குள் தலைகீழாக நிறுத்துவதை எங்கள் குருநகர்த் தெருவில் யாரும் பாவமாக நினைத்ததில்லை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருவது அவருடைய வேலை. கொஞ்சம் நெருக்கினால்தான் அவர் வேலை செய்வார் என்பது எங்கள் பெண்களின் எண்ணம். தோட்டைக் காணவில்லை, கோழியைக் காணவில்லை என்றால் அவருடைய சின்னச் சிலையை, எங்கள் பேச்சில் சுருவத்தை, தூக்கி அரிசிக்குள் தலைகீழாக நட்டுவிடுவோம். போனது கிடைத்த பிறகு துடைத்து, ஒரு மெழுகுதிரி கொளுத்தி, மன்னிப்புக் கேட்டு மேலே வைப்போம். எங்கள் ஆடு இரண்டு தடவை அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தது. பசித்து வந்ததா, அந்தோனியார் ஓட்டிக்கொண்டு வந்தாரா என்று நான் ஆட்டிடம் விசாரிக்கவில்லை.

இந்த மாதிரிக் காரியங்களை நாங்கள் யேசுவிடம் கொண்டுபோவதில்லை. அவர் பெரிய ஆள். ஒரு அலுவலாக அரசாங்கக் கச்சேரிக்குப் போனால் நேரே அரசாங்க அதிபரின் அறைக்குள் நுழைவோமா? வாசலில் நிற்கிற பியோனைத்தானே முதலில் பிடிப்போம். எனக்குப் பியோனோடு கதைக்கவே வெட்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடினால் கதவுக்குப் பின்னால்தான் என் இடம்.

எங்கள் வீட்டு நடு அறையில் திருஇருதய ஆண்டவரின் படம் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சிவப்புப் பல்ப். சண்டையால் யாழ்ப்பாணம் முழுவதும் கரண்ட் நின்றபோது அந்தப் பல்பும் நின்றது. மண்ணெண்ணெய் கிடைப்பது அருமையாக இருந்ததால், ஜாம் போத்தலில் செய்த ஒரே விளக்கைச் சமைக்கிற குசினியில்தான் வைத்தோம். உலகத்தின் ஒளி அவர்தானே, இருட்டிலும் சமாளிப்பார் என்று இருந்துவிட்டேன்.

அந்த நாட்களில் எங்கள் கோயில் கன்னியர்மடத்துச் சிஸ்ரர் ஓர் ஏற்பாடு செய்தா. ஞாயிறு பின்னேரச் செபக் கூட்டத்தில் கிழமைக்கு ஒரு பெண் எழும்பி, தான் ஏன் யேசுவில் நம்பிக்கை வைக்கிறேன் என்று பேச வேண்டும். தெருவின் ஒரு முனையில் தொடங்கி ஒவ்வொரு வீடாக வந்து, என் முறையும் வந்தது.

"எனக்குக் கதைக்க வராது, சிஸ்ரர்."

"வீட்டிலை மனுசனோடை கதைக்கிறீங்கள் தானே?"

"அவர்தான் கதைப்பார். நான் ஓம் எண்டுவன்."

சிஸ்ரர் சிரித்துவிட்டு, தானே ஒரு பக்கம் எழுதித் தந்தா. 'யேசுவை நம்பினவர்கள் ஏமாந்து போவதில்லை' என்று அது தொடங்கியது. நல்ல எழுத்து. நான் அதைப் பாடமாக்கத் தொடங்கினேன்.

வியாழக்கிழமை விடிய இவர், என் மனுசன், கடல் தொழிலுக்குப் புறப்பட்டார். ஆழக்கடலுக்குப் போக முடியாத காலம் அது. எஞ்சினுக்கு எண்ணெயும் இல்லை. சின்ன வள்ளத்தில் பாயைக் கட்டிக்கொண்டு, கரைக்குக் கிட்ட, ஆழமில்லாத களப்புக்குள்ளேயே தனியாக வலை போடுவார்.

"இஞ்சாரும், மத்தியானச் சோத்துக்கு வந்திடுவன். வரேக்கை பேச்சைப் பாடமாச் சொல்லவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணிபோல மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பியது. சோறு ஆறியது. பின்னேரமும் ஆயிற்று. ஒரு பக்கம் நேவி, மேலே ஹெலி, நடுவில் காற்று. இதில் எது இவரைப் பிடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மற்ற வள்ளக்காரர் போகக்கூடிய தூரம் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். நான் வீட்டுக்குள் போய் அந்தோனியாரைத் தூக்கினேன்.

தகரத்தில் நிவாரண அரிசி இரண்டு சுண்டு இருந்தால் அதிகம். நட்டு வைக்க அது காணாது. அவருடைய தலை அடித்தகரத்தில் டங் என்று முட்டியது. ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து மூடினேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் தெருப் பெண்கள் வந்து போனார்கள். எல்லாருக்கும் ஒரே ஆறுதல்தான் வாயில் இருந்தது.

"மூண்டாம் நாள் வருவார், பாருமன். ஆண்டவரே மூண்டாம் நாள்தானே எழும்பினவர்."

சனிக்கிழமை மூன்றாம் நாள். வரவில்லை. இவர் எங்கள் கலியாணத்துக்கே பிந்தி வந்த ஆள்.

அந்த மூன்று நாளும் என்னோடு இருந்தது பக்கத்து வீட்டு அக்காதான். சில வருசங்களுக்கு முன் அவவின் புருசன் கடலுக்குப் போனார். வள்ளம் வந்தது, ஆள் வரவில்லை. என்னைத் தேற்ற அவ மூன்றாம் நாள் கதையெல்லாம் சொல்லவில்லை. வந்து கூட்டினா, தண்ணீர் அள்ளினா, தன் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்தா. சனிக்கிழமை மத்தியானம் அரிசி எடுக்கத் தகரத்தைத் திறந்தவ அப்படியே நின்றுவிட்டா.

"எடி பிள்ளை, இஞ்சை வா."

போய்ப் பார்த்தேன். அந்தோனியாரின் காலைப் பிடித்து அவ வெளியே தூக்கியிருந்தா.

"இந்தாளைத் தண்டிக்கிறாய், சரி. கையிலை இருக்கிற பிள்ளை என்ன செய்தது?"

அப்போதுதான் கவனித்தேன். அந்தோனியார் எப்போதும் பாலன் யேசுவைக் கையில் ஏந்திக்கொண்டுதான் நிற்பார். நான் அவரைத் தலைகீழாக நிறுத்திய ஒவ்வொரு தடவையும், ஆட்டுக்காக, தோட்டுக்காக, இப்போது மனுசனுக்காக, அந்தப் பிள்ளையும் கூடவே தலைகீழாக நின்றிருக்கிறது. அத்தனை வருசமாக நான் பியோனைத்தான் பிடித்துக் குலுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் நெற்றியில் பெயின்ற் பெயர்ந்திருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று நாளும் வராத அழுகை.

"நீங்களும் அந்த நேரம் வைச்சனீங்களோ, அக்கா?"

"வைக்காமலோ? ஆறு மாசம் வைச்சிருந்தனான். பிறகு அரிசி எடுக்கக் கரைச்சலாக் கிடந்துது, எடுத்திட்டன்."

"ஆண்டவரோடை கோவம் இல்லையோ?"

"கோவம் இல்லாமல்? கோவத்தோடைதான் பூசைக்குப் போறனான்." அக்கா அரிசியில் ஒட்டியிருந்த பெயின்ற் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே கதைத்தா. "மற்றச் சுருவங்களுக்கு என்ரை கதை விளங்காதடி. இவருக்கு விளங்கும். சிலுவையிலை தொங்கேக்கை, ஏன் என்னைக் கைவிட்டீர் எண்டு கத்தினவரெல்லே? அவருக்கே அந்த நேரம் பதில் வரேல்லை. பதில் வராத ஆக்கள் வேறை ஆரிட்டைப் போறது?"

"பிறகு மூண்டாம் நாள் எழும்பினவர்தானே."

"ஓம். அது அவற்றை மூண்டாம் நாள். என்ரை மூண்டாம் நாள் இன்னும் வரேல்லை. அவருக்கு வந்தபடியால் எனக்கும் வரும். அதுவரைக்கும் கறி வைக்கத்தானே வேணும். வெங்காயம் எங்கை?"

அக்கா சுருவத்தைத் துடைத்து நேராக வைத்துவிட்டு வெங்காயம் உரித்தா.

ஞாயிற்றுக்கிழமை சிஸ்ரர் வந்து, "நீங்கள் இண்டைக்குப் பேச வேண்டாம், அடுத்த கிழமை பாப்பம்" என்று சொன்னா. வேறு நாளென்றால் அந்த வார்த்தைக்காக அவவின் காலில் விழுந்திருப்பேன். அன்றைக்கு ஏனோ, "இல்லை சிஸ்ரர், வாறன்" என்றேன். என் குரலைக் கேட்டு நானே திரும்பிப் பார்த்தேன்.

கூட்டத்தில் எழும்பினேன். கையில் சிஸ்ரரின் தாள். முதல் வரியைப் பார்த்தேன். ஏமாந்து போவதில்லை என்று இருந்தது. முன் வரிசை வாங்கில் அக்கா இருந்தா. அவவைப் பார்த்துக்கொண்டு அந்த வரியை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. தாளை மடித்தேன்.

"நான் அந்தோனியாரைத் தலைகீழா வைச்சனான். அவற்றை கையிலை இருந்த யேசுவும் தலைகீழா நிண்டவர். அவர் ஒரு குற்றமும் செய்யேல்லை. ஆனால் இறங்கிப் போகேல்லை. மனுசன் வந்தாலும் வராட்டிலும் என்னோடை நிக்கிறது அவர்தான். அதாலை நம்புறன்."

இருந்துவிட்டேன்.

"அவ்வளவுதானோ?" என்று சிஸ்ரர் கேட்டா.

"ஓம், சிஸ்ரர்."

கூட்டம் முடிவதற்கு முன்னரே நாலைந்து பெண்கள் வீட்டில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி எழும்பிப் போனார்கள். அவரவர் வீட்டு அரிசித் தகரம் அவரவருக்குத்தானே தெரியும்.

அக்காவும் நானும் வீட்டுக்கு வந்தபோது இவர் குசினியில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்கை போனனீர்? வந்து பாத்தால் ஒருத்தரும் இல்லை" என்று என்னைத்தான் கேட்டார்.

பாய் கிழிந்து, காற்று வள்ளத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டுபோய்த் தென்மராட்சிக் கரையில் ஏற்றியிருக்கிறது. அங்கே ஒரு சைவக் குடும்பம் இவரை வீட்டுக்குக் கூட்டிப்போய், ஒடியல் கூழ் காய்ச்சிக் கொடுத்து, இவர் பத்திரமாக வீடு சேரப் பிள்ளையாருக்குத் தேங்காயும் நேர்ந்திருக்கிறது. ஹெலி சுற்றியதால் இரண்டு நாள் வெளிக்கிட விடவில்லை. பிறகு யாரோ சைக்கிள் கரியரில் ஏற்றிவந்து விட்டார்கள். கணக்குப் பார்த்தால், நான் அந்தோனியாரைத் தகரத்துக்குள் இறக்கிய நேரம் இவர் இரண்டாம் கோப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அது கிடக்கட்டும். சோத்துக்குள்ளை தவிட்டு நிறமா என்ன கிடக்கு?"

"அந்தோனியாற்றை அங்கி" என்றா அக்கா. "பேசாமல் தின்னும்."

அவ சிரித்தா. இவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு, "நாளைக்குப் பூசைக்கு வாறியோ, பிள்ளை?" என்று என்னைக் கேட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டா.

தெருவில் என் பேச்சுத்தான் இவரைக் கொண்டுவந்தது என்று கதை கட்டினார்கள். சிலர் அந்தோனியார் என்றார்கள். இவர் பிள்ளையாரையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த நாள் பூசைக்குப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். பக்கத்தில் அக்கா முழங்காலில் நிற்க, என் மனுசன் வந்ததற்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. கேட்பதற்கும் ஒன்றுமில்லை. கேட்க ஒன்றுமில்லாமல் நான் யேசுவுக்கு முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை. அவருக்கும் அது புதிதாய்த்தான் இருந்திருக்கும்.

எழும்புகிற நேரத்தில், பழகிய வாய், ஒன்று கேட்டுவிட்டது. அக்காவின் மூன்றாம் நாளைக் கேட்டது. நேரே அவரிடமே.