சைக்கிள் மணிக்குத் திறக்காத கேட்

கல்யாணமாகி இரண்டாவது கோடையில் நானும் என் வீட்டுக்காரரும் பாலாற்று மணலில் கிர்ணிப்பழக் கொடி போட்டோம். எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கழனிகளில் நடவும் அறுப்பும் இருக்கும்வரை இரண்டு பேரும் கூலிக்குப் போவோம். வேலை ஓய்ந்த மாதங்களில் ஆறு காய்ந்து கிடக்கும். சேரியில் பல பேர் அங்கே ஊற்றுத் தோண்டி வெள்ளரியோ கிர்ணியோ கொடி வைப்பார்கள். நாங்களும் வைத்தோம். நன்றாகவே காய்த்தது.

கிர்ணி பழுத்துவிட்டால் காத்திருக்காது. வெயில் ஏறினால் வெடித்துவிடும். அதனால் விடிகிறபோதே பறித்து, பழைய சைக்கிளின் கேரியரில் இரண்டு பக்கமும் கூடை கட்டி, வாலாஜாபாத் சந்தைக்கு அனுப்புவோம். அவர் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்க, நான் பின்னாலிருந்து மணலில் தள்ளுவேன். ரயில் பாதையைத் தாண்டி அவரை ரோட்டில் ஏற்றிவிட்டு, நான் கொடிக்குத் தண்ணீர் ஊற்றத் திரும்பிவிடுவேன்.

அந்த ரயில்வே கேட்தான் எங்களுக்குத் தினசரித் தலைவலி. பழையசீவரம் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. கேட்டைத் தாண்டுகிற லாரி, பஸ் குறைவு என்பதால் எப்போதும் சாத்தியே கிடக்கும். லாரியோ பஸ்ஸோ வந்து ஹாரன் அடித்தால் கேட்காரர் எழுந்து வருவார். ரயில் எதுவும் வரவில்லை என்று பார்த்துவிட்டுத் திறந்துவிடுவார். நாங்கள் சைக்கிள் மணி அடித்தால் வரமாட்டார். அந்தப் பக்கம் புங்க மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருப்பார். அடிக்கிறவர் கை ஓயுமே தவிர அவர் தலை திரும்பாது.

வெறும் சைக்கிளில் வருகிறவர்கள் வண்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தாண்டிவிடுவார்கள். ஓரத்தில் ஆள் நுழைகிற சந்து ஒன்று இருந்தது. ஆனால் கூடை கட்டிய சைக்கிள் அதில் நுழையாது.

"நான் போயி கூப்புடுறேன்," என்று ஒரு நாள் கிளம்பினேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "லாரிக்காரன் எறங்கிப் போயா கூப்புடுறான்? நாம மட்டும் இன்னாத்துக்குப் போயி கையக் கட்டிக்கினு நிக்கணும்? கூடை கட்டிக்கினு வர்றவன் எவன்னு அந்தாளுக்குத் தெரியும் மே. தெரிஞ்சுதான் குந்திக்கினு கீறான்."

எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர். இவரும் அப்படி ஒருவர் என்றுதான் எனக்கும் பட்டது. கூடைகளை அவிழ்த்து, சந்து வழியாக ஒவ்வொன்றாகச் சுமந்து, சைக்கிளைத் தூக்கிப் போட்டு, மறுபடியும் கட்டுவோம். அதற்குள் சூரியன் மேலே வந்துவிடும். நாலைந்து பழம் நசுங்கியிருக்கும். கூடைக் கயிற்றை என் வீட்டுக்காரர் இழுக்கிற வேகத்திலேயே உள்ளே இருக்கிற கோபம் எனக்குத் தெரியும். என்றைக்காவது கை வைத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். கேட்காரர் சர்க்கார் ஆள். அடி விழுந்தால் போலீஸ்தான்.

ஒரு சாயங்காலம் சந்தையிலிருந்து வந்தவர் சைக்கிளில் ஒரு ஹாரன் மாட்டியிருந்தது. பித்தளைக் குழாய், முனையில் ரப்பர் குண்டு. பழைய லாரியைப் பிரித்துக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் இரண்டு பழம் கொடுத்து வாங்கினாராம். மறுநாள் காலையில் கேட்டுக்கு முன்னால் நின்று அந்தக் குண்டை அமுக்கினார். எருமை கத்துகிற மாதிரி ஒரு சத்தம்.

கேட்காரர் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். இரண்டு பக்கமும் பாதையைப் பார்த்தார். கேட்டைத் திறந்துவிட்டு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"லாரி எங்க?"

"லாரி இல்ல, நான்தான். லாரின்னா காது கேக்குது, சைக்கிள்னா கேக்காதா?"

அவர் என் வீட்டுக்காரரின் வாயையே உற்றுப் பார்த்தார். "இன்னா சொல்ற?"

கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார் இவர். சைக்கிளை என்மேல் சாய்த்துவிட்டுப் போய்ச் சட்டையைப் பிடித்தார். இரண்டு கையாலும் சைக்கிளைத் தாங்கிக்கொண்டிருந்த நான் என்ன செய்வது? "உட்டுடுய்யா, உட்டுடு," என்று கெஞ்சினேன். அதற்குள் கேட்காரரின் பெண்சாதி ஈரக் கையோடு வீட்டிலிருந்து ஓடிவந்தாள்.

"அண்ணே, உட்டுடுங்க. அவுருக்குச் சின்ன சத்தம் கேக்காது."

இவர் பிடி தளரவில்லை. "ஹாரன் மட்டும் கேக்குதா?"

"அது கேக்கும். ரயிலு வந்தா காலுலயே தெரிஞ்சிடும் அவுருக்கு. முன்ன பாய்லர் பட்டறையில வருசக்கணக்கா சுத்தியலால அடிச்சி அடிச்சிப் போன காதுண்ணே. மணி அடிக்கிறது, குருவி கத்துறது, எங்க கொழந்த சிணுங்குறது, எதுவும் கேக்காது. வெளிய சொன்னா வேலைக்கு ஒல வெச்சிடுவாங்கன்னு யாருகிட்டயும் சொல்றதில்ல."

என் வீட்டுக்காரர் சட்டையை விட்டார். திரும்பி வந்து, நான் பிடித்திருந்த சைக்கிளின் மணியை அழுத்தி அடித்தார். கேட்காரர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அடுத்து என்ன செய்யப்போகிறாரோ என்று என் வீட்டுக்காரரின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் மறுபடியும் அடித்தார். அதே முகம்.

இவர் அப்படியே தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஏன் என்று தெரியாமலே கேட்காரரும் சிரித்தார். அப்போதுதான் நான் சைக்கிளைக் கேட் தூணில் சாய்த்தேன்.

அந்தப் பெண் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பை என் கையில் கொடுத்தாள். ஊர்க்காரர்கள் எங்களுக்குச் செய்கிற மாதிரி தூக்கி ஊற்றவில்லை. நான் குடித்துவிட்டு இவரிடம் நீட்டினேன்.

"தெனம் நின்னீங்களா?" என்று கேட்காரர் சத்தமாகக் கேட்டார்.

இவர் தலையை ஆட்டினார்.

"உள்ள வந்து தோளத் தொட்டிருக்கலாமே. தொறந்திருப்பேனே."

இவர் குடித்து முடித்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த நாள் கேட் தூணில் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்கியது. பக்கத்திலேயே ஒரு பெரிய போல்ட். இவர் எடுத்து ஒரு அடி அடித்தார். கேட்காரர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். அதற்குப் பிறகு பால்காரர்கள், நூல் மூட்டை கொண்டுபோகிற நெசவுக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் அடித்தார்கள். ஏன் மணி போதாது என்று யாராவது கேட்டால், "மரத்தடி தூரத்துல கீதுல்ல," என்று சொல்லிவிடுவார் இவர்.

அதை முதல்முறை அடித்த அன்று சாயங்காலம் சந்தையிலிருந்து திரும்பியவர் கொடிக்கு நடுவில் வந்து உட்கார்ந்தார். நான் ஊற்றிலிருந்து நீர் மொண்டுகொண்டிருந்தேன்.

"வேணும்னு நிக்க வெக்கல மே அந்தாளு," என்றார்.

"ஆமாய்யா."

"நல்ல வேள. அடிச்சிருப்பேன்."

எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். பிறகு என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு, மீதிக் கொடிகளுக்கு அவரே ஊற்றப் போனார்.