என் மகள் கட்டிய ஊரும் சிவப்பு ராஜாவும்

மகளின் டேப்லட் இப்போது என்னிடம் இருக்கிறது. வாசலில் யாராவது கூப்பிட்டால் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். கிழவி கேம் விளையாடுகிறாள் என்று தோட்டத்தில் பேச்சு வந்தால் நான் கோயிலுக்குக்கூடப் போகமாட்டேன். அப்படிப்பட்டவள் நான். சிறு வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் வராது.

பெடாஸ் பக்கம் நான் கூலி வேலை பார்த்த தோட்டத்து வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். மகள் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கிட்னி கெட்டுப்போனதும் வேலை நின்றது. சிரம்பானில் ஒரு சின்ன நிலையத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் போவாள். நானும் கூடவே போவேன். ஊசி குத்திய இடது கையை அசைக்கக் கூடாது. டேப்லட்டை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையால் தட்ட வேண்டும். அதனால் அவள் பிடித்துக்கொள்வாள், நான் தட்டுவேன். அப்படித்தான் எனக்கு அந்த விளையாட்டு பழக்கமானது.

அது ஊர் கட்டுகிற விளையாட்டு. வயல் போட வேண்டும், கிணறு வெட்ட வேண்டும், ஜனங்களுக்குச் சோறு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுற்றிலும் வேறு ராஜாக்கள் இருப்பார்கள். அவர்களைக் கம்ப்யூட்டரே ஆட்டிவைக்கும். எங்களுக்கு அடுத்து இருந்தவன் சிவப்புக் கொடிக்காரன். அடிக்கடி அவன் முகம் திரை முழுக்க வந்து இங்கிலீஷில் ஏதோ கத்தும்.

"யாரு பாப்பா இவன், இப்படி முறைக்கிறான்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"சிவப்பு ராஜாம்மா. நம்ம ஊரப் பார்த்தா அவனுக்குச் சிரிப்பா வருதாம். நெனச்சா வந்து எடுத்துக்குவானாம்."

"நாம என்ன பண்ணோம் அவனுக்கு?"

"ஒண்ணும் பண்ணலலா. கம்ப்யூட்டரு அப்படித்தான். நம்ம பாட்டுக்கு இருந்தாலும் வந்து இடிப்பான்."

"தோட்டத்துல வேல வாங்குன நம்ம பழைய மண்டோரு மாதிரி."

அவள் குலுங்கிச் சிரித்துவிட்டாள். கை அசைகிறது என்று நர்ஸ் வந்து எங்கள் இருவரையும் திட்டிவிட்டுப் போனாள்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர் இருப்பார், முன்பு லாரி ஓட்டியவர். எட்டி எட்டிப் பார்ப்பார். "என்னா பொண்ணு, இன்னுமா அவன அடிக்கல? நானா இருந்தா எப்பவோ காலி பண்ணியிருப்பேன்."

"இருக்கட்டும் அங்கிள். அவனுக்கும் பொழப்பு ஓடணும்ல."

அவள் படை அனுப்பி நான் பார்த்ததே இல்லை. அவன் கத்தினால் ஒரு வண்டி உப்பு அனுப்பச் சொல்லுவாள். உப்பு போனதும் கொஞ்ச காலம் வாயை மூடிக்கொள்வான். அதற்குள் எங்கள் ஊரில் ஒரு சந்தை வந்துவிடும், ஒரு வாழைத்தோட்டம் வந்துவிடும். ஆற்றோரத்தில் மஞ்சள் கூரை போட்டு ஒரு வீடு வைத்தாள். "இது உனக்கும்மா. ஆத்தங்கரையில துணி தொவச்சுக்கிட்டு நிம்மதியா இரு" என்றாள்.

ஒரு காலையில் நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுப்பப் போனேன். அவள் எழுந்திருக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு மகன்தான் டேப்லட்டை சார்ஜ் போட்டு என்னிடம் கொடுத்தான். திறந்தேன். ஊர் அவள் விட்ட இடத்திலேயே இருந்தது. கூரைகளில் அடுப்புப் புகை. சந்தையில் ஆட்கள். காட்டைச் சுற்றிக்கொண்டு போக அவள் வைத்த ஒற்றையடிப் பாதையில் ஒருத்தி குடத்தோடு நடந்துகொண்டிருந்தாள். அந்த ஊர் அப்படியே நிற்க வேண்டும். அது தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. திறக்காமலே வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று மகன் பின்னால் சொன்னான். திறக்காமல் எப்படி இருப்பது?

சிவப்பு ராஜாவின் முகம் வந்தது. உப்பு அனுப்பினேன். திரும்பவும் வந்தது. மறுபடி அனுப்பினேன். அவனுக்கு என்னதான் குறை என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊருக்கும் அவன் ஊருக்கும் நடுவில் ஒரே காடு. எது எங்கள் மண், எது அவன் மண் என்று தெரியாத அளவுக்கு அடர்ந்து கிடந்தது.

தோட்டத்தில் ரப்பர் பால்மரம் இருந்த காலத்திலும் சரி, எண்ணெய்க்குச் செம்பனை வந்த பிறகும் சரி, நான் எல்லையில் செடிகொடி அழித்துப் பவுண்டரி வெட்டப் போயிருக்கிறேன். அடுத்த தோட்டத்தோடு சண்டை வருவதே பவுண்டரியில் காடு மண்டும்போதுதான். இது யார் மரம், அது யார் குலை என்று அரிவாளைத் தூக்குவார்கள். கோடு சுத்தமாகத் தெரிந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். எங்களுக்கு அது விடிகாலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டில் தினமும் கேட்டுப் பழகின பேச்சு. அதனால் கோடரிப் படத்தைத் தட்டினேன். எங்கள் ஆட்கள் நிரை பிடித்து வெட்டிக்கொண்டே போனார்கள். முடிந்தபோது வகிடு எடுத்த தலை மாதிரி எல்லை பளிச்சென்று தெரிந்தது. பாப்பா பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வகிட்டின் வழியாகத்தான் அவன் குதிரைகள் வந்தன.

முதலில் வயல் எரிந்தது. பிறகு ஆற்றோரத்து மஞ்சள் கூரை. அது என் வீடு, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் கட்டிய மற்ற வீடுகளை நினைத்துத்தான் டேப்லட்டை உடனே மூடினேன்.

மகன் போர்டிக்சனில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் வருவான். வந்தவனிடம் காட்டினேன்.

"யாரும்மா மரத்த எல்லாம் வெட்டினது?"

"நான்தான்பா. பவுண்டரி சுத்தமா இருக்கட்டும்னு."

அவன் விரலால் திரையை எல்லைவரை நகர்த்திப் பார்த்தான். "காட்டுக்குள்ள குதிர வர முடியாதும்மா. அதான் அக்கா அத வெட்டாம வச்சிருந்துச்சு."

"பழையபடி ஆக்க முடியாதா?"

"முடியாது. கடைசியா விட்ட எடம்தான் இருக்கும். இந்த ஊரு வேணாம்மா, விடு. புதுசா ஆரம்பிச்சுத் தரேன். எதிரியே இல்லாம போடலாம். ஒருத்தன் வரமாட்டான், நீ பாட்டுக்கு வாழ மரம் நட்டுக்கிட்டு இருக்கலாம்."

"அதுல அக்கா ஊரு இருக்குமா?"

அவன் டேப்லட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. சந்தையை இடித்துப் படை வீடு கட்டினான், வயலில் இருந்தவர்களை எல்லாம் வேல் பிடிக்க வைத்தான். சாயங்காலம், "அம்மா! வந்து பாரு! ஓடுறான் பாரு, பன்னிப் பய!" என்று சத்தம் போட்டான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் வந்து பார்த்தேன். சிவப்புக் கொடிகள் ஓடிக்கொண்டிருந்தன, உண்மைதான். ஆனால் வாழைத்தோட்டம் கரியாகிவிட்டது. ஊரில் அவள் கட்டிவைத்த கோயிலுக்குப் பின்னால் இருந்த வீட்டு வரிசையில் பாதி இல்லை. குடம் தூக்கிக்கொண்டு போனவளைத் தேடினேன். பாதையில் யாரும் இல்லை.

"இன்னும் நாலு சண்ட போட்டா அவன் கத முடிஞ்சிரும்," என்றான் மகன்.

இன்னும் நாலு சண்டை போட்டால் அவள் கட்டியதில் என்ன மிஞ்சும் என்று நான் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறிப்போன சோற்றை எடுத்து வைத்தேன்.

அவன் போன பிறகு அந்த வாரத்திலேயே சிவப்பு ராஜா முன்னைவிடப் பெரிய படையோடு எல்லையில் வந்து நின்றான். முகம் காட்டினான். சண்டையை நிறுத்த அவனுக்கு என்ன கொடுக்கலாம் என்பது படமாகத்தான் வரும், படிக்கத் தேவையில்லை. உப்பைக் காட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினான். நெல்லைக் காட்டினேன். பொன் இருந்ததை எல்லாம் காட்டினேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில் அவனே ஒரு படத்தைக் காட்டினான். அது என் மகளின் ஊர். கொடுத்தால் சண்டை இல்லை, தீ இல்லை, மிச்ச வீடுகள் நிற்கும். ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒரு சின்னக் குடியிருப்பு மட்டும் எனக்கு.

தட்டினேன். கொடிகள் எல்லாம் ஒரு நொடியில் சிவப்பாக மாறின. ஒரு கூரைகூட எரியவில்லை.

அடுத்த ஞாயிறு மகன் பார்த்தான்.

"அக்கா ஊர அவனுக்குக் கொடுத்துட்டியாம்மா?"

"எரிஞ்சிரும்பா."

"அதுக்காக? நான் இருந்தேன்ல? ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல?"

"வீடெல்லாம் அப்படியேதான் இருக்குப்பா. பாரு."

"யாருக்கு இருக்கு?" என்றான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வெகுநேரம் மோட்டாரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

இப்போது சண்டை ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் சில குடிசைகளும் ஒரு காய்கறித் தோட்டமும் இருக்கின்றன. அவற்றுக்குத் தண்ணீர் விட்டதும் விரலால் திரையை நகர்த்தி அந்தக் கரைக்குப் போவேன். அவள் வெட்டிய கிணறு இருக்கிறது. கோயில் இருக்கிறது. கரிந்துபோன வாழைத்தோட்டத்து இடத்தில் அவன் ஏதோ நீளமாகக் கட்டியிருக்கிறான். பார்க்கலாம், தொட முடியாது. அவள் வீடுகளில் எதையாவது தெரியாமல் தொட்டுவிட்டால் உடனே சிவப்பு ராஜாவின் முகம் வந்து, என்ன வேண்டும் என்று கேட்கிறது. எனக்குச் சொல்லத் தெரிவதில்லை. மூடிவிடுகிறேன்.