குருவிகுளம் சாலையில் ஒரு நீலப் புள்ளி

ஞானஒளிவுக்குச் சர்க்கரை வந்ததில் அவரைத் தவிர யாருக்கும் ஆச்சரியமில்லை. சங்கரன்கோவிலில் ஓர் உதவிபெறும் பள்ளியின் ஆபீஸில், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழ் எழுதுகிற மனிதர். நாற்காலிக்குப் பிரம்பு மாற்றியிருக்கிறார்கள், அவரை மாற்றவில்லை. தாகம் எடுத்தால் நன்னாரி சர்பத், பசி எடுத்தால் பரோட்டா, இரண்டும் எடுக்காவிட்டால் அல்வா என்று ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு வேறு என்ன வரும்?

"தினமும் நடங்க" என்றார் டாக்டர் ஜெயசித்ரா. அந்த அம்மாளுக்கு ஊர் நடப்பு தெரியவில்லை. ஞானஒளிவு சாலையில் இறங்கி நாலு எட்டு வைத்தால் போதும், பின்னால் வருகிற எவனாவது வண்டியை நிறுத்தி, "ஏறுங்க அண்ணாச்சி, எங்க போணும்?" என்பான். இல்லை, நான் சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான். ஒருவரைப் புண்படுத்துவது ஞானஒளிவுக்குப் பிடிக்காது. நடக்கப் போன நாளெல்லாம் பைக்கில் திரும்பி வந்தார்.

ஆகவே சைக்கிள். ராஜபாளையத்தில் போய் கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினார். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று காட்டுகிற மீட்டர் வேண்டும் என்றதற்குக் கடைக்காரர், "தனி மீட்டர் எதுக்கு சார்? உங்க போனே போதும்" என்று ஹேண்டில்பாரில் ஒரு ஸ்டாண்டை முடுக்கி, போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தார். வேகம், தூரம், மேடு பள்ளம், எரிந்த கொழுப்பு எல்லாம் அதில் தெரிந்தது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் கணக்கு சொல்லியது.

இதில் அதிகம் மகிழ்ந்தது அவர் மனைவி ஹெப்சிதான். ஹெப்சி நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எண்ணில் எழுதிக் காட்டாத எதையும் நம்பாதவள், கர்த்தரைத் தவிர. மெயின் ரோட்டில் லாரிகள் போகிற போக்கைப் பார்த்தவள் என்பதால் ஒரு நிபந்தனையும் போட்டாள். அவர் எங்கே போகிறார் என்பது தன் போனில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அன்றிலிருந்து ஞானஒளிவு ஒரு நீலப் புள்ளியானார். சாயங்காலம் ஹெப்சி வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் போன் இருக்கும், அதில் புள்ளி குருவிகுளம் சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும். புள்ளி ஓரிடத்தில் பத்து நிமிஷம் நின்றுவிட்டால் போதும், போன் அடித்துவிடுவாள்.

முதல் சில வாரம் ஒழுங்காகத்தான் ஓட்டினார். சராசரி வேகம் பதினொன்று.

"பதினொண்ணா?" என்றாள் ஹெப்சி. "எங்க ஸ்கூல் எட்டாங்கிளாஸ் பிள்ளைய பைக்கட்டத் தூக்கிக்கிட்டு இதைவிட வேகமா வருதுவ."

அந்தச் சொல் ஞானஒளிவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள், ஊர் எல்லையில் நியாஸ் அகமதின் பரோட்டாக் கடைக்கு நேர் எதிரே டயர் பஞ்சரானது. இது அவர் செய்த பாவமில்லை. பஞ்சர் ஒட்டுகிறவர் பக்கத்திலேயே இருந்தார், ஆனால் அவர் டீ குடிக்கப் போயிருந்தார். புள்ளி நிற்கிறது, ஹெப்சி கூப்பிடப் போகிறாள் என்று ஞானஒளிவு தவித்தபோது வேல்சாமி டி.வி.எஸ். ஐம்பதில் வந்தார். வேல்சாமி பால்காரர். தினமும் சாயங்காலம் குருவிகுளம் வரை ஊர் ஊராகப் போய்ப் பால் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்.

"என்ன அண்ணாச்சி, வண்டி நின்னுட்டா?"

"பஞ்சர் வே. வீட்டுல புள்ளியைப் பாத்துக்கிட்டு இருப்பா. இந்தப் போனை உம்ம பையில போட்டுக்கிட்டுப் போயிட்டு வாரும். நான் சோலியை முடிச்சிட்டு இங்கனயே நிக்கேன்."

வேல்சாமி எதையும் இரண்டாம் முறை கேட்கிறவர் இல்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். ஞானஒளிவு காத்திருந்தார். எதிரே நியாஸ் கல்லில் பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். சால்னா வாசம் சாலையைக் கடந்து வந்து சட்டையைப் பிடித்து இழுத்தது. பஞ்சர் ஒட்டுகிறவர் வருகிற வரைக்கும் ஒரு மனிதன் எத்தனை நேரம் நின்றுகொண்டே இருப்பான்?

அன்று ராத்திரி ஹெப்சி கணக்குப் பார்த்தாள். சராசரி வேகம் இருபத்தாறு. வேல்சாமி பால் எடுக்க ஊருக்கு ஊர் ஓரிரு நிமிஷம் நிற்கிற நேரத்தையெல்லாம் ஆப் தானாகக் கழித்துவிட்டிருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"பரவால்லியே" என்று சொல்லி, அவருக்குக் கூடுதலாக ஒரு தோசை வைத்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் ஹெப்சி வாயால் பரவாயில்லை என்று கேட்டது அன்றைக்குத்தான். இந்த மாதிரி சுகம் ஒரு தடவை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? மறுநாள் டயரில் காற்று நன்றாகவே இருந்தது. ஆனாலும் ஞானஒளிவு நியாஸ் கடையில் இறங்கினார். பழக்கம் கொடிது, பாறையிலும் கோழி சீக்கும்.

ஆப்பில் ஞானஒளிவு வளர்ந்துகொண்டே போனார். வாரம் தவறாமல் ஓட்டினார், மழையிலும் ஓட்டினார், வேல்சாமி கொழுந்தியாள் வீட்டு விசேஷத்துக்குப் போன அன்று மட்டும் கழுகுமலை வரை ஓட்டினார். பால் ஊற்றுகிற பெண்கள் வேல்சாமியின் சட்டைப்பையிலிருந்து வெள்ளைக்காரி பேசுவதற்குப் பழகிப்போனார்கள். ஞானஒளிவு நாள்தோறும் இரண்டு பரோட்டா, ஒரு முட்டைக் கலக்கி. அசலாக அவர் மிதித்த தூரம் வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு.

ஆயிரம் கிலோமீட்டர் நிறைந்தபோது ஹெப்சி அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சர்ச்சில் கர்த்தருக்கு நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆயர் காணிக்கைப் பட்டியலை வாசித்தார். பிறந்தநாள், கல்யாண நாள், ஆபரேஷன் சுகம், அதற்கடுத்து, "சகோதரர் ஞானஒளிவு அவர்கள் சைக்கிளில் ஆயிரம் கிலோமீட்டர் கடக்க தேவன் பாராட்டின கிருபைக்காக, குடும்பத்தார்." சபையே திரும்பிப் பார்த்தது. ஞானஒளிவு தலையைக் குனிந்துகொண்டார். என்ன தாழ்மையான மனுஷன் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரத்திலேயே ஞானஒளிவு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுத்தார். ரிசல்ட் வந்தது. சர்க்கரை இறங்கவில்லை, ஏறியிருந்தது.

டாக்டர் ஜெயசித்ரா தாளைப் பார்த்தார். ஹெப்சி பெருமையாக நீட்டிய போனையும் பார்த்தார். கோடு கோடாக, மலை மலையாக, அத்தனை சாயங்காலமும் அதில் இருந்தது.

"இவ்வளவு எக்சர்சைஸ் பண்ணியும் ஏறியிருக்குன்னா மாத்திரை பத்தலைன்னு அர்த்தம்" என்றார் டாக்டர். "திங்கக்கிழமை வாங்க. இன்சுலின் ஆரம்பிச்சிருவோம். ஊசி எப்படிப் போட்டுக்கிடணும்னு சொல்லித் தாரேன்."

ஊசி என்றால் ஞானஒளிவுக்கு உயிர் போய்விடும். கொரோனா தடுப்பூசி முகாமில் ஊசி போடுவதற்கு முன்பே, வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தவர். இப்போது தினமும், அதுவும் தன் கையாலேயே, தன் வயிற்றிலேயே. ஓட்டவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம். பக்கத்தில் ஹெப்சி. அவளுக்குப் பின்னால் ஆயர், சபை, ஸ்தோத்திரக் காணிக்கை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, இப்போது அந்தச் சோற்றைத் தின்றுதான் தீர வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போலக் கிளம்பினார். வழக்கம்போல வேல்சாமியிடம் போனைக் கொடுத்தார். வழக்கம்போல இலையில் பரோட்டா விழுந்தது. நியாஸ் சால்னாவை ஊற்றினார். ஞானஒளிவு ஒரு துண்டைப் பிய்த்தார். வாய்க்குள் போகவில்லை. அந்தத் துண்டு ஊசிமுனையில் குத்தியிருப்பது போலவே அவருக்குத் தெரிந்தது.

"என்ன சார், சால்னா சரியில்லையா?" என்றார் நியாஸ்.

"சால்னால குத்தமில்ல பாய். எனக்குத்தான் இறங்கலை."

கை கழுவினார். வேல்சாமியைப் பிடித்துப் போனை வாங்கி, இனியாவது மீதி தூரத்தைத் தானே ஓட்டிவிட வேண்டும் என்று வெறி வந்துவிட்டது. ஒருநாள் ஓட்டினால் மூன்று மாதச் சர்க்கரை இறங்காது என்பது அவருக்கும் தெரியும். பயந்த மனிதனுக்குக் கணக்கு எதற்கு? சைக்கிளில் ஏறி மிதித்தார்.

ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஞானஒளிவு பறக்கமாட்டாரா? மேற்கே மலையிலிருந்து வந்த காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. இரண்டு பக்கமும் கரிசல் காடு பின்னால் ஓடியது. காற்றாலைகள் சுழன்ற சுழற்சியைப் பார்த்து, தனக்காகத்தான் கை தட்டுகின்றன என்று நினைத்தார். இவ்வளவு நன்றாக ஓட்டத் தெரிந்துகொண்டு இத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருந்தோமே என்று வருத்தம்கூட வந்தது. வேல்சாமியைத்தான் காணோம். அவர் உள்ளே ஒரு மண்ரோட்டில் பால் எடுக்கப் போயிருந்தபோது ஞானஒளிவு மெயின் ரோட்டில் கடந்துவிட்டார். குருவிகுளம் வந்தபிறகுதான் அது அவருக்கு உறைத்தது.

சைக்கிளைத் திருப்பினார். அதுவரை முதுகில் தட்டிக்கொடுத்த காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தியது. மிதித்தால் நின்றது, மிதிக்காவிட்டால் பின்னால் போனது. கண்ணில் மண். கியரை மாற்றி மாற்றிப் பார்த்தார், எந்தக் கியரும் மனிதாபிமானத்தோடு நடந்துகொள்ளவில்லை. எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்ல வெள்ளைக்காரியும் இல்லை. பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, "சைக்கிளை ஓரமாப் போட்டுட்டு ஏறுங்க அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஞானஒளிவு ஒருவரைப் புண்படுத்தினார்.

இதற்கிடையில் வீட்டில் நடந்ததை ஹெப்சி பிற்பாடு பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டாள். வேல்சாமி கடைக்குத் திரும்பி வந்து பார்த்திருக்கிறார். ஆளையும் காணோம், சைக்கிளையும் காணோம். அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்திருக்கிறார். புள்ளி தெருமுனையில் திரும்புவதைப் பார்த்து ஹெப்சி டம்ளரில் மோரை ஊற்றிக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறாள். புள்ளி வாசலில் நின்றது. டி.வி.எஸ்.ஸிலிருந்து வேல்சாமி இறங்கினார். சட்டைப்பையிலிருந்து வெள்ளைக்காரி அன்றைய சராசரி வேகத்தை அறிவித்தாள்.

"அண்ணாச்சி வந்துட்டாகளாக்கா?" என்றார் வேல்சாமி.

ஞானஒளிவு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வாசலில் நாற்காலியில் வேல்சாமி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் அந்த மோர்.

"எங்க போயிட்டு வாரிய?" என்றாள் ஹெப்சி.

"குருவிகுளம்."

"எதுல?"

"சைக்கிள்லதான்."

"நீங்க அப்பவே வீட்டுக்கு வந்தாச்சுன்னு போன் சொல்லுது."

"அது பொய் சொல்லுது, ஹெப்சி. இன்னைக்கு நெசமாவே நான்தான் ஓட்டினேன்."

சொல்லிக்கொண்டே காலைத் தூக்கி இறங்கப் பார்த்தார். கெண்டைக்காலில் நரம்பு இழுத்தது. சைக்கிளோடு சேர்ந்து வாசலிலேயே சாய்ந்தார். வேல்சாமி ஓடிவந்து காலை நீவிவிட்டார். ஹெப்சி வாசல்படியில் நின்று பார்த்தாள். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டின காலா இது என்று அவள் கேட்கவே இல்லை. கேட்காதது ஞானஒளிவுக்கு அதைவிட வலித்தது.

"டாக்டர்கிட்ட நானே சொல்லுதேன்" என்றாள் கடைசியில். "ஆண்டவர்கிட்ட என்னத்தச் சொல்ல? ஆயர் வாயால வாசிச்சாச்சு. காணிக்கையைத் திரும்பக் கேக்க முடியுமா? அந்த ஆயிரத்தையும் நீங்க ஓட்டித்தான் ஆகணும்."

திங்கட்கிழமை டாக்டர் கதையைக் கேட்டுவிட்டு, வாயில் கர்சீப்பை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் இறங்காவிட்டால் ஊசிதான், பேச்சே இல்லை.

அடுத்த சில வாரம் போனுக்கு வேலை இல்லை. ஹெப்சியே ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். ஸ்கூட்டர் மீட்டரைப் பார்த்துச் சத்தமாக வேகம் சொன்னாள். "ஒம்பது. மிதிங்க. பத்து. நியாஸ் பாய் கடை வருது, தலையைத் திருப்பாதிய." வெள்ளைக்காரியின் சத்தத்தைக் குறைக்கவாவது ஒரு பொத்தான் இருந்தது.

ஆவணி பிறந்து காற்று அடங்கின ஒரு சாயங்காலம். நியாஸ் கடை வந்தது. பின்னாலிருந்து வேகம் வரவில்லை. ஞானஒளிவு திரும்பிப் பார்த்தார். ஸ்கூட்டர் கடை வாசலில் ஸ்டாண்ட் போட்டு நின்றது. ஹெப்சி அவர் வழக்கமாக உட்காரும் மூலையில், அவருடைய பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். எதிரே வேல்சாமி. அவருடைய டி.வி.எஸ். சாவி ஹெப்சியின் கைப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு பேருக்கும் இலை போட்டிருந்தது.

"ஹெப்சி" என்றார்.

"எனக்குச் சுகர் இல்லியே" என்றாள் அவள். எழுந்து வந்து அவருடைய போனை ஹேண்டில்பாரில் மாட்டினாள். "போயிட்டு வாங்க. நான் இங்கன புள்ளியைப் பாத்துக்கிட்டு இருக்கேன். வேல்சாமி அண்ணன் இன்னைக்கு லேட்டாத்தான் பாலுக்குப் போவாக."

நியாஸ் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார், நிமிரவே இல்லை. ஹெப்சி ஒரு துண்டைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாள் இந்த மனுஷன் ஏன் பொய் சொன்னான் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியிருக்க வேண்டும்.

ஞானஒளிவு வயிறெரிய மிதித்தார். சால்னா வாசம் வெகுதூரம் கூடவே வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. காட்டில் யாருமில்லை. ஒரு கிலோமீட்டர் ஆனதும் வெள்ளைக்காரி வாயைத் திறந்து சராசரி வேகம் சொன்னாள். பதினொன்று. யாரும் தள்ளிவிடாத, முழுக்க அவருக்கே சொந்தமான பதினொன்று.