வெறும் எழுத்துதானே

தொண்ணூறுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் எனக்கு வேலை. இணைய அரட்டையில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்கு அசிங்கமாக எழுதிப் பிடிபட்ட ஆண்கள், தாங்கள் செய்ததை எப்படித் தங்களுக்குள் நியாயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று ஓர் உளவியல் டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் ஆண்களிடம் பேசி, டேப்பில் பதிந்து, உட்கார்ந்து எழுதிக் கொடுப்பது என் பாடு.

என்ன பயங்கரத்தையெல்லாம் கேட்கப்போகிறோமோ என்று நடுங்கிக்கொண்டுதான் சேர்ந்தேன். கடைசியில் அலுப்புதான் மிஞ்சியது. "வெறும் எழுத்துதானே, சிஸ்டர்." "அந்தப் பிள்ளையேதான் பேச வந்துச்சு." "நான் யாரையாச்சும் தொட்டேனா?" ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, ஆனாலும் சொல்லிவைத்த மாதிரி இதையேதான் சொல்வார்கள். டாக்டர் இதைத் திரிந்த சிந்தனை என்பார். என் வாயில் வேறு பெயர் வரும். தே தாரிக் டீயோடு சேர்த்து விழுங்கிவிடுவேன்.

கிள்ளானிலிருந்து வந்த ஒருவர் மட்டும் தேம்பித் தேம்பி அழுதார். பாவம், இவராவது உணர்ந்தாரே என்று நினைத்தேன். டேப்பைத் திரும்பக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. வேலை போனதற்கு அழுதிருக்கிறார். அண்ணன் வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுப்பதற்கு அழுதிருக்கிறார். அந்தப் பிள்ளைக்காக ஒரு சொட்டுக்கூட இல்லை. ஏமாந்த என் மேல்தான் எனக்கு எரிச்சல் வந்தது.

ஒரு நாள் அவருடைய மனைவி பஸ் பிடித்து வந்து என் எதிரே உட்கார்ந்தார். கணவர் வீட்டுக்குத் திரும்பலாம் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கித் தர வேண்டுமாம். அவர்களுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள் உண்டென்று எனக்குத் தெரியும்.

"வெறும் எழுத்துதானே லா, அக்கா. அந்தப் பொண்ணுதான் முதல்ல பேசியிருக்கு. இவரு யாரையும் தொடலையே."

அடக் கடவுளே, இதையும் டேப்பில் போட வேண்டுமா என்றிருந்தது. வாக்கியம்கூட மாறவில்லை. கோபப்படத்தான் வேண்டும், ஆனால் தெம்பில்லை. மதியத்துக்குள் இரண்டு டேப் முடித்திருந்தேன். தலை விண்விண் என்று தெறித்தது.

"சரிம்மா, அவரு வீட்டுக்கு வந்தா உங்க மக எங்க இருப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை.

"அவளைப் பத்திக் கவலைப்படாதீங்க, அக்கா. பந்திங்ல என் தங்கச்சி வீட்ல விட்டுட்டேன். ஸ்கூல்கூட மாத்தியாச்சு."

"எப்போ? போலீஸ் வந்த பிறகா?"

"இல்ல. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கடிதம் கேட்கவில்லை.